செலின் அலறவில்லை

ஆவடியை ஒட்டிய சேக்காட்டில் செலினைத் தெரிந்தவர்கள் அவளைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் அவள் புடவை கட்டும் நேர்த்தியைத்தான் சொல்வார்கள். சி.டி.எச். ரோட்டில் இருக்கும் டிபார்ட்மென்ட் ஸ்டோரில் பில் போடும் வேலை அவளுக்கு. அங்கே வேலை செய்யும் பெண்கள் எல்லோருக்கும் பச்சைக் கோட்டு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டால் உள்ளே என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்பதே பாதி தெரியாது. அப்படியிருந்தும் செலின் மடிப்புகளைச் சரியாக எடுத்து, தோளில் பின் குத்தி, கண்ணாடி முன் திரும்பி முதுகுப் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். சர்ச்சுக்கும் அப்படித்தான், ரேஷன் கடைக்கும் அப்படித்தான். நைட்டி என்பது வீட்டுக்குள் மட்டும்.

அன்று காலை அவள் நைட்டியோடு தெருவுக்கு வந்ததற்குக் காரணம் குப்பை வண்டி. கணவன் சத்தியராஜ் முதல் ஷிப்டுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் மகள் ஸ்வீட்லின் இன்னும் எழுந்திருக்கவில்லை. பேட்டரி வண்டியின் விசில் தெருமுனையைத் தாண்டிப் போவது கேட்டதும், செலின் ஒரு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பச்சை வாளியையும் நீல வாளியையும் தூக்கிக்கொண்டு ஓடினாள். குப்பையைக் கொட்டிவிட்டு, காலி வாளிகளோடு திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

பின்னாலிருந்து வந்த பைக்கின் சத்தம் அவளுக்குக் கேட்டது. யாரோ வேலைக்குப் போகிறவர் என்று நினைத்து ஓரமாக ஒதுங்கினாள். பின்சீட்டில் இருந்தவன் கையை நீட்டிக் கழுத்தில் கிடந்த தாலிச் செயினைப் பிடித்தான். முறுக்குச் செயின், கெட்டியானது. சட்டென்று அறுந்திருந்தால் அதோடு போயிருக்கும். அது அறுபடவில்லை. பைக் நிற்கவுமில்லை. அதே தெருவில் இருக்கும் கங்காதரன் வீட்டு காம்பவுண்டுச் சுவர் ஆரம்பிக்கும் இடத்திலிருந்து அது முடியும் இடம்வரை சிமெண்ட் ரோட்டில் செலினை இழுத்துக்கொண்டு போனது. பிறகுதான் செயின் அறுந்தது.

அவள் கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு வேண்டும். செயின் தொண்டையில் இறுகியிருந்தது. எழுந்து உட்கார்ந்ததும் அவள் கை முதலில் போனது கழுத்துக்கு அல்ல, நைட்டிக்கு. தொடைவரை ஏறிக் கிடந்ததை இழுத்து முழங்காலை மூடினாள். துணியில் ரத்தம் ஊறியது. அதற்குப் பிறகுதான் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

கங்காதரன் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாளி உருண்ட சத்தம் கேட்டு வெளியே வந்தவர், செலினைப் பார்த்ததும் மேல்சட்டை போடக்கூட உள்ளே போகாமல் ஆட்டோவை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். முழங்காலிலும் முழங்கையிலும் தையல் போட்டார்கள். போலீசில் புகார் கொடுக்கப் போனபோதும் அவர்தான் கூட வந்தார். எழில் என்ற பெண் எஸ்.ஐ. புகாரை எழுதிக்கொண்டார். பொறுமையாகத்தான் கேட்டார். முகத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, இரண்டு பேரும் ஹெல்மெட் போட்டிருந்தார்கள் என்று செலின் சொன்னாள். அதையும் எழுதிக்கொண்டார்.

கங்காதரன் வீட்டு வாசல் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. அதைப் பென் டிரைவில் போட்டுப் போலீசுக்குக் கொடுத்தார். தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டு, நமது தெருப் பெண்கள் கவனமாக இருக்கவும் என்று கீழே எழுதினார். அவர் மனதில் வேறொன்றும் இல்லை. அந்தக் குழுவில் இருந்த யாரோ இன்னொரு குழுவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அது எங்கெங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

சட்டசபைத் தேர்தல் அறிவித்திருந்த நேரம் அது. ஒரு மதியம் சாப்பிட்டுக்கொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்வீட்லின் கையை அப்படியே நிறுத்தினாள். அம்மாவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள்.

முதலில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: இன்று காலை, ஆவடி. பிறகு கங்காதரன் வீட்டு காம்பவுண்டுச் சுவர். வாளிகளோடு நடந்து வரும் செலின். பைக். அதற்குப் பிறகு படத்தின் வேகத்தைக் குறைத்திருந்தார்கள். அவள் விழுவதும், இழுபடுவதும், நைட்டி ஏறுவதும் மெதுவாக, ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கீழே ஒரு இசை உறுமியது. அதற்கும் மேலே ஒரு பெண்ணின் அலறல். ஐயோ காப்பாத்துங்க, காப்பாத்துங்க என்று நீளமாக, தேம்பலோடு. கடைசியில் திரை இருண்டு, 'நாளை உங்கள் தெருவில் யார்?' என்ற கேள்வி வந்தது. அதன் பின்னால் எதிர்க்கட்சித் தலைவரின் முகமும் சின்னமும்.

"அம்மா, இது உன் குரல் இல்லியே" என்றாள் ஸ்வீட்லின்.

"நான் கத்தவே இல்லடி. அந்தக் கேமராவுல சத்தமே வராது."

அந்தக் குரல் ஒரு இளம்பெண்ணின் குரல். எங்கேயோ ஒரு அறையில் மைக் முன்னால் நின்று யாரோ அதைக் கொடுத்திருக்க வேண்டும்.

இரண்டொரு நாளில் அது சேக்காட்டுக்கே வந்துவிட்டது. பெரிய திரை கட்டிய பிரசார வேன் ஒன்று செலின் வேலை செய்யும் கடைக்கு நேர் எதிரே, பஸ் ஸ்டாப்பை ஒட்டி நிற்க ஆரம்பித்தது. தலைவர் பேசுவார், பாட்டு வரும், பிறகு அலறல் வரும். கடையின் கண்ணாடிக் கதவு மூடியிருந்தாலும் கேட்டது. யாராவது கதவைத் திறந்துகொண்டு வந்தால் முழுதாகக் கேட்டது. செலின் குனிந்து பார்கோடு பார்த்து பில் போட்டுக்கொண்டிருப்பாள். வரிசையில் நிற்கிறவர்கள் வேனையும் பார்ப்பார்கள், அவளையும் பார்ப்பார்கள், அவள் முழங்கைக் கட்டையும் பார்ப்பார்கள்.

பெண்கள்தான் அதிகம் பேசினார்கள். அனுதாபத்தோடுதான். அப்படிக் கத்தினீர்களே, ஒருத்தர்கூட வரவில்லையா என்று கேட்டார்கள். நான் கத்தவில்லை என்று செலின் சொன்னால், பாவம், அதிர்ச்சியில் நினைவில்லை என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் கையைத் தடவிக் கொடுத்தார்கள். சிலர் 'இன்று காலை' என்று போட்டிருந்ததை நம்பி, இன்றைக்கும் ஒரு தடவையா என்று கேட்டார்கள். முதலில் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொன்னாள். பிறகு தலையை மட்டும் ஆட்டினாள்.

கங்காதரனுக்கும் அடி விழுந்தது. ஒரு பொம்பளை அந்தக் கத்து கத்தியிருக்கிறாள், வீட்டுக்குள் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று நடைப்பயிற்சிக்குப் போன இடத்தில் ஒருவர் அவரைக் கேட்டுவிட்டார். வெறும் பனியனோடு அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய மனிதர். அவர் செலின் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, "நான் நல்லதுக்குத்தாம்மா போட்டேன்" என்றார். சத்தியராஜ் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். செலின்தான் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து காபி கொடுத்தாள். அவர் குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அந்தக் கேமராவைக் கழற்றிவிட்டார்.

சத்தியராஜ் சத்தமாகப் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்ததையும், அவரைக் கண்டதும் போனைக் கவிழ்த்து வைத்ததையும் பார்த்த அன்று நேராக வீட்டுக்கு வந்து, "வா, போயி கேட்டுட்டு வரலாம்" என்று செலினைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

அந்த எதிர்க்கட்சிக்கு அந்தப் பகுதியில் தேர்தல் வேலை பார்த்தவன் அரவிந்தன். கடைக்கு வருகிற வாடிக்கையாளன்தான். ஷாமியானா பந்தல் போட்ட அலுவலகத்தில் அவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்து நாற்காலி போட்டான். டீ வரவழைத்தான். புண் ஆறிவிட்டதா என்று விசாரித்தான்.

செலின் விஷயத்தைச் சொன்னதும், "அக்கா, இது உங்க ஒருத்தருக்கு நடந்தது இல்லக்கா. தமிழ்நாட்டுல இன்னிக்கு எல்லாப் பொம்பளைங்களுக்கும் நடக்குது. உங்க வலியத்தான் நாங்க பேசறோம்" என்றான்.

"வலியப் பேசு தம்பி. என் பொண்டாட்டி கால இன்னாத்துக்குக் காட்ற?" என்றார் சத்தியராஜ்.

அரவிந்தனுக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. அது தன் கையில் இல்லை என்றான். விளம்பரம் செய்வதற்கென்றே சென்னையில் ஒரு கம்பெனி இருக்கிறது, அவர்கள் செய்து அனுப்புவதை நாங்கள் போடுகிறோம், அவ்வளவுதான் என்றான். அவர்கள் முன்னாலேயே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். எதிர்முனையில் பேசிய பெண் மிக மரியாதையாகப் பேசினாள். உங்கள் உணர்வு புரிகிறது, உடனே சரி செய்கிறோம் என்றாள். வீடியோவில் அலறிய குரல்தானோ இந்தக் குரல் என்று செலினுக்கு ஒரு கணம் தோன்றியது. கேட்கவில்லை.

சொன்னபடி சரி செய்தார்கள். செலினின் முகத்தை மட்டும் மங்கலாக்கினார்கள். கால் அப்படியே இருந்தது, நைட்டி அப்படியே இருந்தது, அலறலும் இருந்தது.

அது இன்னும் மோசமாகப் போனது. முகத்தை மறைத்த ஒரு பெண்ணைத் தெருவில் இழுத்துப் போவதைப் பார்த்தவர்கள் செயின் பறிப்போடு நிறுத்தவில்லை, வேறு எதையோ நினைத்தார்கள். வீடியோவுக்குக் கீழே எழுதியவர்கள் அதைப் பச்சையாகவே எழுதினார்கள். நூம்பலில் இருக்கும் செலினின் அக்கா போன் செய்து நெடுநேரம் உடம்பைப் பற்றியும் தையலைப் பற்றியும் பேசிவிட்டுக் கடைசியில், "வேற ஒண்ணும் நடக்கலியே செலின்? எங்கிட்ட மறைக்காத" என்றாள். கூடப் பிறந்தவளே கேட்ட பிறகு செலின் யாரிடமும் எதையும் விளக்குவதை விட்டுவிட்டாள்.

ஸ்வீட்லின் அந்த வீடியோவை நீக்கச் சொல்லி போனிலேயே புகார் அனுப்பினாள். இது எங்கள் விதிகளை மீறவில்லை என்று பதில் வந்தது. சத்தியராஜ் தேர்தல் அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்தவர் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்து, விளம்பரத்துக்கு முறையாக அனுமதி வாங்கியிருக்கிறார்கள் என்றார். பிறகு வீடியோவை இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, முகமே தெரியவில்லையே, இது உங்கள் மனைவி என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, அவருக்கு அது சந்தேகம்தான். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு சத்தியராஜ் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

இப்படி இருக்கும்போது எஸ்.ஐ. எழிலிடமிருந்து போன் வந்தது. ஆள் கிடைத்துவிட்டான், செயினும் கிடைத்துவிட்டது, உடனே வாருங்கள் என்றார். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வாருங்கள் என்றும் சொன்னார். செலின் ஊதா நிறப் புடவை கட்டிக்கொண்டு போனாள்.

ஸ்டேஷனில் ஒரு மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து அதில் செயினை வைத்திருந்தார்கள். கிறிஸ்தவத் தாலியில் பொறித்த புறாவின் ஒரு இறக்கை தேய்ந்திருக்கும். அவளுடையதேதான். அதைப் பார்த்ததும் அத்தனை நாள் வராத அழுகை வந்தது. போலீசுக்காக வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர் அந்த அழுகையையும் படம் பிடித்துக்கொண்டார்.

சுவர் ஓரத்தில் ஒருவன் தரையில் உட்கார்ந்திருந்தான். சரண் என்று பெயர், சென்னீர்குப்பம். ஸ்வீட்லினைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். வலது கையில் தோளிலிருந்து விரல்வரை புது மாவுக்கட்டு. போலீசைக் கண்டு ஓடும்போது வழுக்கி விழுந்துவிட்டான் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். அவன் தலையைத் தூக்கவில்லை. கூட இருந்த இன்னொருவனைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார்கள்.

நடந்ததை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள், போலீசுக்கு ஒரு நன்றி சொல்லுங்கள் என்று எழில் கேட்டுக்கொண்டார். செயின் கிடைத்துவிட்டது, ரொம்ப நன்றி என்று செலின் சொன்னாள். அது சிறியதாக இருக்கிறது என்று கேமராக்காரர் சொன்னார்.

"இப்போ பயமில்லாம நடக்கிறேன்னு சொல்லுங்கம்மா. கொஞ்சம் சிரிச்ச மாதிரி" என்றார் எழில்.

அறையில் இருந்த எல்லோரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செயின் மேஜைமேல் இருந்தது. செலின் அதைச் சொன்னாள். இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள், சொன்னாள். பிறகு அவள் கையை நீட்டியபோது, எழில் செயினை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டி உள்ளே அனுப்பினார். வழக்குச் சொத்து, கோர்ட்டில் மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும் என்று விளக்கினார்.

மறுநாள் ஆளுங்கட்சியின் வேன் வந்தது. அதில் ஊதாப் புடவையில் செலின் சிரித்துக்கொண்டு, "இப்போ பயமில்லாம நடக்கிறேன்" என்றாள். அதையே பாட்டாகவும் போட்டிருந்தார்கள். போலீஸ் எடுத்த வீடியோ எப்படி அங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், முதல் தடவை பார்த்தபோது செலினுக்கு ஒரு சின்ன ஆறுதல். மடிப்பு ஒழுங்காக இருந்தது. இனி ஊர் தன்னை இப்படியும் பார்க்கும் என்று நினைத்தாள். அடுத்த நொடி திரை முழுக்க மாவுக்கட்டுப் போட்ட கை வந்தது. 'தொட்டால் இதுதான்' என்று எழுதியிருந்தது. பின்னணியில் கைதட்டல்.

அன்றிலிருந்து சி.டி.எச். ரோட்டின் ஒரு பக்கத்தில் செலின் விழுந்துகொண்டே இருந்தாள், இன்னொரு பக்கத்தில் சிரித்துக்கொண்டே இருந்தாள். அரவிந்தன் கடைக்கு வருவதை நிறுத்தினான். எதிரே வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டான். அவள் காசு வாங்கிக்கொண்டு பேசிவிட்டாள் என்று ஒரு பேச்சு. முதலிலிருந்தே எல்லாம் நாடகம், குப்பை கொட்டப் போகிறவள் எதற்கு அத்தனை கெட்டியான செயினைப் போட்டுக்கொண்டு போகிறாள் என்று இன்னொரு பேச்சு. அவள் கும்பிடும் சாமியையும் விட்டுவைக்கவில்லை. ஸ்வீட்லின் அவற்றையெல்லாம் படித்துவிட்டு, இணையத்தில் போட்டிருந்த தன் படங்களை ஒவ்வொன்றாக நீக்கினாள். கல்லூரிக்கு முகக்கவசம் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தாள்.

கடை முதலாளி வீரராகவன் தன்மையான மனிதர். இரண்டு கட்சிக்காரர்களும் கடைக்கு வருகிறார்கள், தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள், தேர்தல் முடியும்வரை குடோனில் இருங்கள் என்று கேட்டுக்கொண்டார். சம்பளத்தில் கை வைக்கவில்லை. செலின் பின்பக்கக் குடோனில் ஃபேன் இல்லாத மூலையில் உட்கார்ந்து பருப்பும் சர்க்கரையும் எடை போட்டுப் பாக்கெட் போட்டாள். அங்கேயும் அலறல் கேட்டது. ஆனால் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அங்கேதான் பொன்னம்மாள் வந்தாள். சந்துப் பக்கக் கதவருகே வந்து நின்று, செலின் யார் என்று கேட்டாள். மெலிந்த உடம்பு, கையில் ஒரு துணிப்பை. சரணின் அம்மா என்று தன்னைச் சொல்லிக்கொண்டாள்.

செலின் எழுந்து நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தாள். பொன்னம்மாள் குரலை உயர்த்தவில்லை.

"எம்புள்ள யோக்கியன்னு சொல்ல வர்ல யம்மா. முன்ன ஒருவாட்டி போன் திருடிட்டு மாட்டிக்கினான், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்தக் கேஸ்ல நான் இல்லன்னு என் தலைல அட்ச்சி சத்தியம் பண்றான். நீ அவன் மூஞ்சியப் பாத்தியா?"

"ரெண்டு பேரும் ஹெல்மெட் போட்டிருந்தாங்க" என்றாள் செலின்.

"பாக்கல."

"பாக்கல."

"அப்போ போலீஸ்ல இன்னான்னு சொன்ன?"

"நன்றின்னு சொன்னேன்."

செயின் சரணிடமிருந்து எடுத்ததில்லை, வேறொருவனிடமிருந்து எடுத்து இவன் பெயரில் எழுதிவிட்டார்கள் என்று பொன்னம்மாள் சொன்னாள். அது உண்மையா என்று செலினுக்குத் தெரியாது. பொய் என்று சொல்லவும் அவளிடம் எதுவும் இல்லை. வேன் எங்கள் தெருவுக்கும் வந்தது என்றாள் பொன்னம்மாள். பிள்ளையின் உடைந்த கையைத் திரையில் காட்டி ஊரே கைதட்டுவது மாதிரிச் சத்தம் போட்டார்களாம். அவள் வேலை செய்யும் வீட்டில் அதைப் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அவனைக் குண்டர் சட்டத்தில் போட்டிருப்பதால் இப்போதைக்கு ஜாமீன் கிடைக்காது என்று வக்கீல் சொன்னதையும் சொன்னாள்.

"கை கோணிக்கிச்சி யம்மா. எலும்பு சரியா சேரல. உன்கைல ஆவுற காரியம் எதுனா இருந்தா பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செலின் அன்றே அரைநாள் லீவு கேட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். தனியாகத்தான் போனாள். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அந்தப் பையன்தான் என்று நான் சொல்லவே இல்லை, முகத்தைப் பார்க்கவே இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள் என்று எழிலிடம் சொன்னாள்.

எழில் கோபப்படவில்லை. ஃபைலைப் புரட்டிக் காட்டி, "அது எஃப்.ஐ.ஆர்.லயே இருக்கும்மா. நீங்க அடையாளம் சொன்னீங்கன்னு நாங்க எங்கயும் எழுதல. அவனே ஒத்துக்கிட்டான்" என்றார்.

அப்படியானால் அந்த விளம்பரத்தில் என் முகத்துக்கு அடுத்து அவன் கையை ஏன் காட்டுகிறார்கள் என்று செலின் கேட்டாள். விளம்பரத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை, அது கட்சிக்காரர்கள் விஷயம் என்றார் எழில். கோர்ட்டில் கூப்பிடும்போது எதைச் சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லுங்கள் என்றார். எப்போது கூப்பிடுவார்கள் என்றதற்கு, அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்துவிட்டு, சொல்ல முடியாது என்றார். வாசல்வரை வந்து, நீங்கள் ஏன் இதைப் போட்டு மனதைக் குழப்பிக்கொள்கிறீர்கள், செயின் கிடைத்துவிட்டதே என்று சொல்லி அனுப்பினார்.

பிறகு அரவிந்தனுக்கும் போன் செய்து பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் குரலில் உற்சாகம் வந்தது. பிடித்தது தப்பான ஆள், பொய் வழக்கு என்று ஒரு வீடியோ கொடுங்கள் அக்கா, இன்றைக்கே போட்டுவிடலாம் என்றான். தப்பான ஆள் என்று எனக்குத் தெரியாதே தம்பி, சரியான ஆள் என்றும் தெரியாது, தெரியாது என்பதைத்தான் சொல்ல வேண்டும் என்றாள் செலின். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது அக்கா என்று வைத்துவிட்டான்.

வாக்குப்பதிவு அன்று பள்ளிக்கூட வரிசையில் நின்றபோது முன்னால் இருந்த இருவர் திரும்பிப் பார்த்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். செலின் நகர்ந்து நகர்ந்து உள்ளே போனாள். மறைப்புக்குப் பின்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டாள் போலிருக்கிறது, அதிகாரி என்னம்மா என்று குரல் கொடுத்தார். எதை அழுத்தினாள் என்று சத்தியராஜிடம்கூடச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

முடிவு வந்தது. பட்டாசு வெடித்தார்கள். வேன்கள் போய்விட்டன. வீரராகவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றி அவளை மறுபடி பில் போடும் இடத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டார். மக்களுக்கும் வேறு பேச்சு வந்துவிட்டது. ஆனால் போனில் அந்த இரண்டு வீடியோக்களும் இருக்கின்றன. கட்சியின் பெயரை வெட்டிவிட்டு வேறு ஊர்க்காரர்கள் வேறு ஊரின் பெயரைப் போட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்வீட்லின் அவற்றைத் தேடுவதை நிறுத்திவிட்டாள். முகக்கவசத்தை மட்டும் இன்னும் விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து செலின் வீட்டுக்கு வராமல் பூந்தமல்லி பஸ் ஏறினாள். சென்னீர்குப்பத்தில் இறங்கி, ஹைவேக்குப் பின்னால் இருந்த தெருக்களில் விசாரித்துப் பொன்னம்மாளின் வீட்டைக் கண்டுபிடித்தாள். சரண் வீடு என்று கேட்டபோது இரண்டு பேர் தெரியாது என்றார்கள். மாவுக்கட்டுக்காரன் வீடா என்று மூன்றாவது ஆள் கேட்டுக் கையைக் காட்டினார்.

பொன்னம்மாள் அவளைப் பார்த்ததும் உள்ளே கூப்பிடவில்லை. ஆனால் கதவையும் சாத்தவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டாள். ஸ்டேஷனில் சொன்னதையும், அவர்கள் சொன்ன பதிலையும், அரவிந்தன் சொன்னதையும் செலின் சொல்லி முடித்தாள். சொல்லும்போதே அதில் ஒன்றும் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது.

"இத்த சொல்லவா இவ்ளோ தூரம் வந்த?" என்றாள் பொன்னம்மாள்.

"எனக்கு வேற இன்னா பண்றதுன்னு தெரியல."

பொன்னம்மாள் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். செலின் குடித்தாள். பிறகு, நாளைக்கு ஜெயிலில் பிள்ளையைப் பார்க்க மனு எழுதி வாங்க வேண்டியிருக்கிறது, நானும் ரோட்டுப் பக்கம்தான் போகிறேன் என்று துணிப்பையை எடுத்துக்கொண்டு கூடவே நடந்தாள். வழியில், சரண் இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டான் என்று மட்டும் பொன்னம்மாள் சொன்னாள்.

பஸ் ஸ்டாப்பில் நிழல் இல்லை. லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. ஆவடி பஸ் தூரத்தில் தெரிந்தபோது பொன்னம்மாள் திரும்பினாள்.

"கோர்ட்ல கூப்ட்டா வருவியா?"

"வரேன்."

"போலீஸ்காரங்க பக்கத்துலயே நிப்பாங்கோ. அந்த எஸ்.ஐ. அம்மாவும் இருப்பாங்கோ. அவுங்க எதுருல, நான் மூஞ்சியப் பாக்கலன்னு சத்தமா சொல்லுவியா?"

சொல்லுவேன் என்று வாய்வரை வந்தது. ஸ்டேஷனில் வெள்ளைத் துணி விரித்த மேஜைக்கு முன்னால் எல்லோரும் தன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றதும், சொல்லச் சொன்னதைத் தான் இரண்டு முறை சொன்னதும் செலினுக்கு நினைவு வந்தது. பஸ் வந்து நின்றது. கண்டக்டர் சீக்கிரம் ஏறச் சொன்னார். ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்த்தபோது பொன்னம்மாள் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

சம்மன் இன்னும் வரவில்லை. செயினும் கோர்ட்டில்தான் இருக்கிறது. தபால்காரர் தெருவுக்குள் வருகிற நேரம் செலின் கடையில் இருப்பாள் என்பதால், ஏதாவது வந்தால் வாங்கி வைக்கும்படி கங்காதரனிடம் சொல்லியிருக்கிறாள். அவர் தினமும் பார்த்துவிட்டு, இன்றைக்கும் இல்லையம்மா என்று சொல்கிறார்.